இன்ஸ்பெக்டருக்கு மோர் கிடையாது

யார் வீட்டுக்கு நியாயம் சொல்லப் போனாலும் எங்கள் நங்கை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது, நானும் அதை இங்கே எழுதப் போவதில்லை. வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, மாடு வாங்குவது, மாப்பிள்ளை பார்ப்பது என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். வந்ததும் சொம்பில் மோர் நீட்டுவார்கள். "வெச்சிருங்க சாமி, பேச்சு முடியட்டும்" என்பார். பேச்சு முடிந்த பிறகு பெரும்பாலும் யாரும் மோர் நீட்டமாட்டார்கள். அவர் சொல்லியிருக்கிற சொல் அப்படி இருக்கும். சித்திரை வெயிலில் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்து, நேராகப் பானைக்குள் சொம்பை விடுவார்.

"ஏனுங்க நங்கை, ஒரு வாய் மோர் குடிச்சா நாயம் கெட்டுப் போயிருமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மோரு தொண்டைலயே நின்னுக்குமுங்க கொழுந்தனாரே. அப்பறம் பேச்சு அதத் தாண்டி வரோணுமில்ல?"

அவருக்கு ஒரே ஒரு கணக்குத்தான். எதைப்பற்றியும் உண்மை தெரியவேண்டுமென்றால் நம் வீட்டுச் சோறு உண்ணாதவனிடம் போய்க் கேட்கவேண்டும். உண்டவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் சொல்வதில் பாதி நம் சோறு.

எனக்குப் பெண் பார்த்தபோது இதை என் தலையிலேயே சோதித்துப் பார்த்தார். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, பையன் எப்படி என்று விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டு ஒப்பிட்டுப் போளியைத் தின்றுகொண்டு விசாரித்தார்கள். நங்கை கதவோரம் நின்று சொன்னார்: "இங்க கேட்டா என்னங்க தெரியும்? கெழக்கால தோட்டத்துக்காரரு எங்ககூடக் கெணத்துத் தண்ணிக்குச் சண்டை போட்டுப் பேச்சு வார்த்தையே இல்லாம இருக்கறாரு. அவருகிட்டப் போய்க் கேளுங்க." அவர்கள் போனார்கள். அந்த மனிதர், "கோவக்காரப் பய. ஆனா பொய் சொல்லமாட்டான்" என்று சொல்லி அனுப்பினார். கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரி இன்றுவரை அந்த முதல் பாதியை மட்டும்தான் எடுத்துச் சொல்கிறாள்.

மாட்டு விஷயத்திலும் இதே கதைதான். ஒருமுறை சந்தையில் ஒரு கறுப்புக் காளையை யாரும் வாங்க முன்வரவில்லை. முதுகில் கெட்ட சுழி இருந்தது, வாங்கினவனைத் தின்றுவிடும் என்றார்கள். நங்கை விற்றவனிடமும் பேசவில்லை, தரகரிடமும் பேசவில்லை. முந்தைய உழவுக்கு அதை வாடகைக்குப் பிடித்திருந்த ஆளைத் தேடிப் போய், எப்படி இழுக்கும் என்று கேட்டுவிட்டு வந்து பிடிக்கச் சொன்னார். "சுழியா ஏர் இழுக்குது? காலுதானுங்க இழுக்குது" என்றார். சந்தையில் யாரோ ஒருத்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "புருசனத் தின்னவளுக்குச் சுழி மாடு பொருத்தந்தான்" என்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். நங்கைதான் என் துண்டைப் பிடித்து இழுத்து, "உடுங்க. அது முன்னமே பாத்து முடிச்ச வெவகாரம்" என்றார். அந்தக் காளை எங்கள் தோட்டத்தில் கிழடாகிற வரைக்கும் உழுதது.

முன்னமே பார்த்து முடித்த அந்த விவகாரத்தைத்தான் இனி சொல்லவேண்டும்.

அண்ணனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. சேலத்தில் ஒரு பட்டறையில் அதற்குப் புது டயர், புதுப் பிரேக் கட்டை எல்லாம் போட்டு அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கம் அதுவரை மோட்டார் சைக்கிளே வந்ததில்லை. அவர் நாமக்கல்லுக்குப் போய்த் திரும்பினால் வழிநெடுகக் கோழிகள் கூரை ஏறும். அவருக்கும் நங்கைக்கும் கல்யாணம் ஆனதும் அதே வருஷம்தான். பின்னால் இது ஒரு பெரிய குற்றமாகப் பேசப்பட்டது.

மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டவேண்டும். எங்கே போய்க் காட்டுவது என்பது அண்ணனுக்குப் பெரிய யோசனை. சேலத்தில் ஒருத்தர் இருந்தார். எந்த வண்டியையும் முதல் தடவை சரி என்று சொல்லமாட்டார் என்று பேர் எடுத்தவர். பஸ் முதலாளிகளே அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நாமக்கல் பங்களாவுக்கு முகாம் வருகிறவர் வேறு மாதிரி. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் பெரியப்பா போடுகிற இலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். "சேலத்துக்குப் போனா அந்தாளு தள்ளிப்போடுவான். நமக்கு முகாமே தேவலை" என்பார் அண்ணன். நங்கை பரிமாறிக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறார்.

அண்ணனைப்பற்றி இன்னொன்று. அவர் செருப்புக்கு அடித்தோல் போட்டு மாளாது. செருப்புத் தைக்கிறவர் மாதம் தவறாமல் வந்து நிற்பார். "நடக்காத மனுசனுக்குச் செருப்பு எப்பிடித்தான் தேயுதோ" என்று நங்கை சொல்லிச் சிரிப்பார், அண்ணனும் சிரிப்பார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

ஒரு பங்குனி மாதம், பட்டப்பகலில், புளியமரத்து வளைவில் அண்ணன் விழுந்தார். எதிரே கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்திருக்கிறது. அதை ஓட்டிவந்தவர்தான் கண்ணால் பார்த்த ஒரே ஆள். அண்ணனின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்று அழுதார். "கைப்புடிய நெஞ்சுக்கு இழுத்தாருங்க. 'ஓ... ஓ...'ன்னு கத்துனாருங்க. அப்பறம் வண்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கமுங்க." தலை மைல்கல்லில் பட்டிருந்தது. வண்டிக்கு முன்விளக்கு உடைந்தது, கால் வைக்கிற கம்பி வளைந்தது. வேறு ஒரு கீறல் இல்லை.

அப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்விட்டார். குடும்பத்தில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அம்மா அவர் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா முதலில், புளியமரத்து முனியைப் பார்த்துத்தான் பையன் கத்தியிருக்கிறான் என்றார். பிறகு வண்டியில் தோஷம் என்றார். பிறகு, எதற்கும் ஆத்தாளிடமே பூக் கேட்டுவிடலாம் என்றார்.

எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் குலதெய்வத்திடம் பூக் கேட்பது உண்டு. அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் ஆமாம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. வண்டியில் தோஷம் உண்டா என்று கேட்டார்கள். இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

வண்டியில் தோஷம் இல்லை என்றால் பிறகு எதில்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாரும் உள்ளறைப் பக்கம் பார்த்தார்கள். அவள் வந்தாள், வண்டி வந்தது, அவன் போனான். கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நங்கை வெள்ளைச் சேலையோடு வாசலில் தலை காட்டினால், கிளம்பிய ஆண்கள் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். பெரியப்பா இதை எல்லாரும் பார்க்கும்படி செய்வார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கருமாதி முடிந்த கையோடு உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பெரியப்பா சொன்னார்:

"ஆத்தா சொல்லிப்போட்டா. இனி நாம பேச என்ன இருக்குது? அந்தப் புள்ளைய அவங்கப்பன் ஊட்டுல கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்தர்லாம்."

போவது பிறந்த வீட்டுக்கு என்றாலும், போகிறவள் புருஷனைத் தின்றவள் என்கிற பேரோடு போகவேண்டும். அங்கேயும் அந்தப் பேர்தான் முதலில் போய் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவருக்கு வாசல் கிடையாது.

உள்ளறைக் கதவு திறந்தது. துக்கத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கவேண்டிய பெண் வெளியே வந்து நின்றார்.

"மாமா, ஒரு வார்த்தைங்க. அந்த வண்டிய ஒருத்தருகிட்டக் காட்டோணுமுங்க."

"அதான் ஆத்தாகிட்டயே கேட்டாச்சே!"

"ஆத்தா பேசலீங்க. பூசாரிதானுங்க பேசுனாரு. அவரு நம்ம நெல்லுல பொங்க வெக்கறவரு."

கூட்டத்தில் ஒருத்தர் இருமினார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாமக்கல்லு பஸ் பட்டறைக்காரனக் கூப்புடட்டா?"

"தீவாளிக்குத் தீவாளி நம்ம ஊட்டுல உண்டவருங்க."

"முகாமுக்கு வர்ற இன்ஸ்பெக்டரு?"

"அவருக்கு எலை போடறதே நீங்கதானுங்க மாமா."

"அப்ப இந்த ஒலகத்துல யாருதான் நாயமானவன்? சொல்லு பாக்கலாம்!"

"சேலத்துல ஒருத்தரு இருக்கறாராமா. எதையுமே சரின்னு சொல்லமாட்டாராமா. உங்க மவன் அவருகிட்டப் போகவே பயந்துக்குவாரு. அவருகிட்டப் போலாமுங்க."

பெரியப்பா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "வண்டில பழுதுன்னு அவன் சொன்னா நீ இங்கயே இரு. பழுதில்லைன்னு சொல்லிட்டா?"

"அத வந்து பேசிக்கலாமுங்க."

வண்டியைக் கிளப்பவே கூடாது என்றார் நங்கை. விழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே அந்த மனிதர் பார்க்கவேண்டும். அதனால் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக் கட்டினோம். நான் ஓட்டினேன். நங்கை பின்னால் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மடியில் ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்தார். துக்கம் கழியாத பெண் ஊரை விட்டுப் போகிறாள் என்று தெருவே வாயைப் பிளந்தது. வழியில் ஒரு கிழவர் வண்டியை மறித்து, "ஏனுங்க சாமி, மோட்டாருக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். "ஆமாங்க, வைத்தியருகிட்டக் காட்டப் போறோம்" என்றார் நங்கை. அண்ணன் போன பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

ராசிபுரத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும்போது என் மனதில் இருந்ததைச் சொன்னேன். பழுது என்று அந்த அதிகாரி சொன்னால் நங்கை வீட்டில் இருக்கலாம். இல்லை என்றால் போகவேண்டும். ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

நங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களும் பூசாரி ஆயிட்டீங்களா?" என்றார். நான் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. பூவைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிற ஊரில் திருகாணியைக் கழற்ற நினைப்பது ஒன்றும் பெரிய பாவமில்லை. ஆனால் அவர் அந்த வழியில் பிழைக்கத் தயாராக இல்லை.

சேலத்தில் அந்த இன்ஸ்பெக்டர் ஒரு மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, கடுகடுத்த மனிதர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்ஸைத் தள்ளிவிட்டிருந்தார், அதன் முதலாளி காறித் துப்பிக்கொண்டு போனார். மாட்டுவண்டியில் வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல்.

"இறந்தவர் வண்டிக்கு எதுக்கும்மா பரிசோதனை? விக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. தெரிஞ்சுக்கோணுமுங்க."

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

"அவரக் கொன்னது வண்டியா இல்லையான்னு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். வெயில் கொளுத்தியது. மரத்தடியில் ஒரு அம்மாள் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். நான் மரியாதைக்கு ஒரு சொம்பு வாங்கிக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். அவர் கையும் நீண்டது. நங்கை நடுவில் வந்து சொம்பைப் பிடித்துவிட்டார்.

"குடுக்காதீங்க கொழுந்தனாரே. ஐயா மொதல்ல பாக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியிடம் போனார்.

வளைந்த கம்பியை நிமிர்த்தி, வண்டியைக் கிளப்பி, அவரே ஏறி ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பி வந்தவர் எங்களைப் பார்த்து வேகமாக வந்து, காலால் ஒரு அமுக்கு அமுக்கினார். புழுதி கிளம்பியது. வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. பிரேக் நன்றாக இருக்கிறது, நங்கை போகவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் அதோடு விடவில்லை. பின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளேயிருந்து பிரேக் கட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கட்டை எப்பப் போட்டது?"

"வாங்கும்போது போட்டதுங்க," என்றேன். "ரெண்டு வருசமா ஓடுதுங்க."

"ரெண்டு வருஷமா? டயர் மொட்டையா தேஞ்சிருக்கு. கட்டை பட்டறையிலேருந்து வந்தமேனிக்கு இருக்கு. இந்தப் பிரேக்கை யாருமே அமுக்கினதில்லை. அப்புறம் அவர் எப்படித்தான் வண்டியை நிறுத்தினார்?"

நங்கை மடியிலிருந்த மூட்டையை அவிழ்த்தார். அண்ணனின் செருப்பு. மாட்டுவண்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்த அதே ஜோடி. அதை அவர் நினைவுக்காக வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். மேசைமேல் வைக்கத் தயங்கி, மண்ணில் வைத்தார். இரண்டு செருப்பும் குதிகாலில் காகிதம்போலத் தேய்ந்திருந்தன.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தார். அவ்வளவு கடுகடுத்த மனிதர், செத்தவர் செருப்பைக் கையில் எடுத்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "காலைத் தேச்சு நிறுத்தியிருக்கார்" என்றார்.

"மாடு ஓட்டுவாரா?"

"பொறந்ததுலயிருந்துங்க."

"விழும்போது என்ன பண்ணினாராம்?"

"கைப்புடிய நெஞ்சுக்கு இழுத்தாராமுங்க. 'ஓ... ஓ...'ன்னாராமுங்க." நங்கையின் குரல் அங்கேதான் உடைந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கயித்தை இழுத்து ஓ-ன்னா மாடு நிக்கும்மா. இது நிக்காது. வண்டியில குத்தமில்லை. பிரேக் முதல்தரமா பிடிக்கிறது. அவர் கால் வைக்கவே இல்லை." பிறகு சற்றுத் தயங்கி, "நான் இந்த வண்டியைப் பாத்ததே இல்லை. பாத்திருந்தா அவரை ஓட்டச் சொல்லிப் பாத்திருப்பேன்" என்றார்.

"தெரியுமுங்க," என்றார் நங்கை. "அதுக்குத்தான் அவரு உங்ககிட்ட வரல."

பிரேக் கட்டைகளை அப்படியே கொண்டு போகலாமா என்று கேட்டார். ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் கொண்டு போங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மோர்ச் சொம்பு இன்னும் என் கையிலேயே இருந்தது. அவர் அதைக் காட்டி, "இப்பவாவது குடிக்கலாமா அம்மா?" என்றார்.

"நாங்க ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் வேண்டாமுங்க. பெரிய மாமா கேப்பாரு."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். மோரை நானும் நங்கையும் அவர் கண் முன்னாலேயே குடித்தோம்.

வீட்டில் மறுபடி கூட்டம் கூடியது. பெரியப்பா முந்திக்கொண்டு, "என்ன சொன்னான்?" என்றார்.

"வண்டில ஒரு கொறையும் இல்லைன்னாருங்க," என்றார் நங்கை.

பெரியப்பா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சொன்னேனா இல்லையா என்கிற பார்வை. நங்கை அவசரப்படவில்லை. கூடத்தின் நடுவில் அண்ணனின் செருப்பை வைத்தார். பக்கத்தில் பிரேக் கட்டையை வைத்தார். ஒன்று தேய்ந்தது, ஒன்று தேயாதது. இன்ஸ்பெக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடலைக்காய் வண்டிக்காரரையும் வரவழைத்திருந்தார். அவர் மறுபடி கையை நெஞ்சுக்கு இழுத்துக் காட்டி, "ஓ... ஓ..." என்றார். அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு ஆணும் பிறந்ததிலிருந்து மாடு ஓட்டினவன். ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பெரியப்பா மட்டும் எழுந்து நின்றார். "செத்தவன் மேல பழி போடறியா?"

"பழி இல்லீங்க மாமா. என்ற புருசன் நல்லவரு. வண்டிய நிறுத்தத் தெரியாதவரு. ரெண்டும் நெசந்தானுங்க." நங்கை அழுதுகொண்டே சொன்னார், ஆனால் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. "வண்டில கொறையில்லைன்னு ஆத்தா சொன்னா. இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொன்னாரு. என்ற மேல கொறைன்னு ஆத்தாளும் சொல்லல, அவரும் சொல்லல. நீங்க மட்டுந்தானுங்க சொல்றீங்க."

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டார். மகனின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"சின்னதுல ஊஞ்சல் ஆடறப்பவும் காலத் தேச்சுத்தான் நிறுத்துவான்," என்றார். "எத்தன தடவ வைதிருக்கறேன்." பிறகு பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. "இவ எங்கயும் போகமாட்டாளுங்க. இது இவ ஊடு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தோற்றுப் போனார் என்று நினைக்கவேண்டாம், அப்படிப்பட்டவர்கள் லேசில் தோற்பதில்லை. நங்கை எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்புவதை மட்டும் அவர் விடவே இல்லை. முன்னைவிட அதிகமாகவே செய்தார்.

சில மாதங்கள் கழித்து, பிரேக் கட்டைகளைத் திரும்ப மாட்டிய பிறகு, ஒருநாள் நங்கை என்னைக் கூப்பிட்டு, "வண்டிய எடுங்க கொழுந்தனாரே" என்றார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். சொல்லிக்கொடுத்தது அண்ணன், அதனால் நிறுத்தத் தெரியாது. நங்கை நெல் அடிக்கிற களத்தின் ஒரு கோடியில் போய் நின்றுகொண்டார். வெள்ளைச் சேலை, இடுப்பில் கை.

"அங்கயிருந்து என்ற மேல ஓட்டிட்டு வாங்க. கைய இழுக்காதீங்க. கால அமுத்துங்க."

"வெளையாடறீங்களா நங்கை? நிக்கலீன்னா?"

"நிக்கும். பாத்துட்டு வந்துட்டோமில்ல?"

மூன்றாவது தடவைதான் எனக்குத் தைரியம் வந்தது. வண்டி அவரை நோக்கிப் போகும்போது என் இரண்டு கையும் நெஞ்சுக்கு வரத் துடித்தன. தொண்டையில் "ஓ" வந்து நின்றது. அண்ணன் கடைசியாக என்ன பட்டார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. காலை அமுக்கினேன். வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நங்கை இமைக்கவில்லை. பின்னாலிருந்த இரும்புத் தட்டில் சாக்கை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஊருக்குள் போனோம். வெள்ளைச் சேலை நடந்து வந்தால்தான் சகுனம் பார்க்க நேரம் இருக்கும். இது அப்படி இல்லையே. வாசலில் கால் வைத்தவர்கள் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நாங்கள் அடுத்த வாசலைத் தாண்டியிருந்தோம். தெருக்கோடியில் பெரியப்பா குடையும் பையுமாக நாமக்கல்லுக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"கொழுந்தனாரே, நிறுத்துங்க," என்றார் நங்கை என் முதுகுக்குப் பின்னால்.

அமுக்கினேன். வண்டி பெரியப்பாவின் படிக்கு நேராக, அவர் முகத்துக்கு எதிரே, அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா மாமா?" என்றார் நங்கை. "நிக்குதுங்க."

பெரியப்பா அன்றைக்கு வீட்டுக்குள் திரும்பவில்லை. தூக்கிய காலை முன்னால் வைத்து, குடையை விரித்துக்கொண்டு, நாமக்கல் பக்கம் நடந்தார்.